கிமொய் என்றொரு சொல்

சென்ற பருவத்தில் ஒரு நாள், மதிய உணவு இடைவேளை. கல்லூரியின் பழைய கட்டடத்துத் தாழ்வாரத்தில் முதலாண்டு மாணவர் சிலர் வட்டமாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். ஒருவன் தன் டிபன் பாக்ஸைத் திறந்தான். கருவாட்டுக் குழம்பின் வாடை பரவியது. எதிரே இருந்தவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு "கிமொ!" என்றான். வட்டம் முழுதும் சிரித்தது. டிபன் பாக்ஸுக்கு உரியவனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. அவ்வழியே நடந்துகொண்டிருந்த நமக்குத் தெரிந்திருந்தது.

சொன்னவனைத் தனியே அழைத்து, எங்கே கற்றாய் என்று கேட்டோம். "அனிமேல வர்ற வார்த்தைங்க ஐயா, சும்மா ஜாலிக்கு" என்றான். கைப்பேசியில் ஒரு பட்டியலையும் காட்டினான். ஜப்பானிய இளைஞர்கள் அருவருப்பை வெளிப்படுத்தப் பயன்படுத்தும் கொச்சைச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல்லில் பொருள், ஒரு சிரிப்புப் பொம்மை. பத்துச் சொற்களுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் தரப்பட்டிருந்தது. தமிழில் எழுதியிருந்தால் பத்துக்கும் 'ச்சீ' என்றே போட்டிருப்பார்கள்.

நாம் ஜப்பானிய மொழியில் பெரும்புலமை உடையவர் அல்லோம். மாலை வகுப்புகளில் சில ஆண்டுகள் பயின்று, மூன்றாம் நிலைத் தேர்வோடு நின்றுவிட்டவர். ஆயினும் தமிழிலக்கணம் பயிற்றுவிக்கும் ஒருவருக்கு இப்பட்டியல்கள் எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. வசைச்சொல்லையும் அருவருப்புச் சொல்லையும் கற்பிப்பவர்கள், அது எங்கிருந்து வந்தது, எவரை நோக்கிச் சொல்லப்படுகிறது, சொன்ன பின் என்ன நிகழ்கிறது என்பவற்றை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கையளிக்கிறார்கள். கத்தியின் பிடியை மட்டும் காட்டிவிட்டு அலகைச் சொல்லாமல் விடுவது போன்ற செயல் இது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'கிமொய்' என்பது 'கிமொச்சி வருய்' என்ற தொடரின் சுருக்கம். கிமொச்சி என்றால் உள்ளத்தின் அல்லது உடலின் உணர்வு நிலை. வருய் என்றால் கெட்டது, நன்றாக இல்லாதது. நெடிய வடிவத்துக்கு இரு முகங்கள் உண்டு. பேருந்தில் உடன் வரும் தோழி முகம் வெளிறி 'கிமொச்சி வருய்' என்றால் அவளுக்குக் குமட்டுகிறது என்று பொருள். ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், தண்ணீர் தரவேண்டும். அதே தோழி சுவரில் ஊரும் பூரானைப் பார்த்து அதே தொடரைச் சொன்னால், பூரான் அருவருப்பாக இருக்கிறது என்று பொருள். உணர்வு ஒன்றுதான். ஒருமுறை அது சொல்பவரின் வயிற்றில் இருக்கிறது, மறுமுறை எதிரே சுவரில் இருக்கிறது.

சுருங்கிக் கிமொய் ஆனபோது முதல் முகம் உதிர்ந்துவிட்டது. தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல எவரும் 'கிமொய்' என்பதில்லை. சுருக்கம் முழுக்கப் புறத்தை நோக்கியது. பூரானை, அழுகிய பழத்தை, ஒரு மனிதனின் சிரிப்பை, உடையை, இருப்பை நோக்கியது. சொல் பாதியாகும்போது 'நான்' காணாமற்போய், குற்றம் முழுவதும் எதிரிலிருப்பவர் தலையில் இறங்கிவிடுகிறது. 1990களில் இளைஞர் பேச்சில் பரவலான இச்சுருக்கத்தைச் சோம்பலின் விளைவு என்று பலர் எழுதுவதுண்டு. நமக்கு அது சோம்பலாகத் தோன்றவில்லை.

இங்கே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. மலமும் சீழும் புழுவும் அப்பட்டியலில் இல்லை என்பது எப்போதும் நம் மாணவர்களை வியக்கவைக்கும். உரையாளர்கள் இவற்றைத் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என இருவகையாகவும் கொள்வர். தன் மூப்பையும் தன் இல்லாமையையும் எண்ணித் தானே கூசிக் குறுகுவதும் இளிவரலே. கிமொச்சி வருய் என்ற நெடிய தொடரில் அந்த இருவழிப் பாதை இன்னும் திறந்திருக்கிறது. கிமொயில் அது ஒருவழிப் பாதை.

அடுத்து, அம்மாணவன் சொன்னது 'கிமொய்' கூட அன்று, 'கிமொ!' ஜப்பானியப் பெயரடையின் இறுதியில் வரும் 'இ' விகுதி. அதையும் வெட்டிவிட்டு, பகுதியை மட்டும் தொண்டையில் சட்டென்று தடைபடும் குரலில் சொல்வது ஒரு வழக்கம். நாற்றம் அடிக்கும்போது 'குஸா!', உணவு வாயில் வைக்க முடியாதபோது 'மஸு!', குளிரும்போது 'சமு!'. சூடான பாத்திரத்தைத் தொட்டவுடன் நாம் 'ஸ்ஸா' என்பதைப் போன்றவை இவை. அந்த நொடியில் உடல் தெறிப்பதுதான் சொல்லாகிறது. ஆகவே இவ்வடிவத்தை வினாவாக்க முடியாது. மரியாதை விகுதி ஒட்டாது. 'கிமொய்' என்பதோடு 'தெஸ்' சேர்த்து ஒப்புக்கேனும் பணிவு காட்டலாம், 'கிமொ!' என்பதில் அதற்கும் இடமில்லை. காரணம் எளிது. இது எவரிடமும் சொல்லப்படுவதில்லை. பேசுபவர் தமக்குள் சொல்லிக்கொள்வது. பிறர் காதில் விழுகிறது, அவ்வளவே.

தமிழ் படித்தவர்க்கு இதற்கு நெருக்கமான ஒரு பெயர் உடனே தோன்றும்: முன்னிலைப் புறமொழி. கேட்க வேண்டியவர் எதிரிலேயே இருக்க, அவரை நோக்காமல் வேறெங்கோ நோக்கிச் சொல்லுதல். அகப்பாடல்களில் தோழி இதைச் செய்யும்போது அதில் ஓர் இங்கிதம் இருக்கிறது. தலைவன் காதில் விழவேண்டும், ஆனால் அவன் முகம் சுருங்கக் கூடாது. 'கிமொ!' அதன் தலைகீழ். எதிரில் இருப்பவன் காதில் விழவேண்டும். ஆனால் அவனோடு பேசியதாக ஆகக் கூடாது. நம் 'சீ' முன்னிலையை நோக்கியது. 'சீ, போடா' என்று கொஞ்சலாகவும் ஆகும். திட்டப்பட்டவன் திருப்பித் திட்டலாம். 'கிமொ!' என்று சொல்லப்பட்டவன் எதைத் திருப்பித் தருவான்? அவனிடம் யாரும் எதையும் சொல்லவே இல்லையே.

பட்டியலின் பிற சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். எல்லாமே அருவருப்பு அன்று என்பதைக் காட்டினாலே போதும். 'உஸை' என்பது தொல்லை, நச்சரிப்பு. டோக்கியோவின் மேற்கே தாமா வட்டாரத்தில் வழங்கிய 'உஸத்தை' என்ற கிளைச்சொல் நகரத்து இளைஞர்களிடம் ஏறிப் பின் குறுகியது இது. மொழியியலாளர் இனோவே ஃபுமியோ 'புதுக் கிளைமொழி' என்று தாம் பெயரிட்ட போக்குக்கு இச்சொல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஓயாமல் அறிவுரை சொல்லும் தந்தை உஸை; அவர் கிமொய் அல்லர். 'கிஷொய்' என்பது கன்சாய் பகுதியில் மிகுதியாகக் கேட்பது, கிமொய்க்கு உறவுமுறை. 'குரொய்' என்பது 'க்ரோட்டெஸ்க்' என்ற மேலைச்சொல்லின் தலையை வெட்டி எடுத்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய வெகுஜன இதழ்களைப் பிடித்தாட்டிய 'எரோ, குரோ, நான்சென்ஸ்' அலையின் எச்சம். எட்கர் ஆலன் போவின் பெயரைத் தம் புனைபெயராக்கிக்கொண்ட எதொகவா ராம்போவின் கதைகள் அக்காலத்தவை. இரத்தமும் குடலும் தெரியும் காட்சிக்கே குரொய் பொருந்தும். (இந்தக் 'கு'வைக் குடம் என்பதில் வரும் குவாக ஒலித்துவிட்டால் கறுப்பு என்று பொருளாகிவிடும், குணம் என்று நாம் பேச்சில் சொல்லும்போது வரும் மென்மையான குவாக ஒலிக்க வேண்டும். தமிழ் வரிவடிவத்தில் எழுதிக் கற்பவர்க்கு இந்த இடர் உண்டு.) 'முகத்சுகு' குமட்டலில் தொடங்கிச் சினத்தில் முடிந்த சொல். வயிறு புரள்வதைக் குறித்த ஒலிக்குறிப்பு 'முக முக'. இன்று எவனேனும் 'முகத்சுகு' என்றால் அவன் வாந்தியெடுக்கப் போவதில்லை, அடிக்க வரக்கூடும்.

'எகுய்' என்ற சொல்லில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அகராதிகள் இதற்குத் தரும் மூலப்பொருளை ஆங்கிலம் வழியே படித்தால் ஒன்றும் விளங்காது. தமிழில் ஒரு சொல் போதும். காறல். சரியாக வேகாத கருணைக்கிழங்கும் சேம்பும் தொண்டையில் செய்கிறதே, அது. ஜப்பானில் மூங்கில் குருத்துக்கும் சேப்பங்கிழங்குக்கும் இச்சுவையைச் சொல்வர். குருத்தை அரிசித் தவிட்டோடு வேகவைத்துக் காறலை எடுத்துவிட்டுத்தான் சமைப்பார்கள். நாம் கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைப்பதும் இதற்காகவே. நாக்கில் தொடங்கிய இச்சொல் பிறகு கொடூரமான செயலைக் குறித்தது; இப்போது விளையாட்டு வீரனின் அசாத்தியமான ஆட்டத்தைப் பார்த்து இளைஞர் 'எகுய்!' என்று வியக்கிறார்கள். திருடர் குழூஉக்குறியாக இருந்து ஆபத்து என்ற பொருளில் வழங்கிய 'யபாய்' இன்று பாராட்டாகியிருப்பதும் இவ்வழியே. தமிழில் காறு என்னும் வினை வேறு திசையில் சென்றது. தொண்டை காறுகிறது, காறித் துப்பினான். காறல் ஒன்றே, அங்கே வியப்பாகிவிட்டது, இங்கே எச்சிலாகிவிட்டது.

இச்சொற்களெல்லாம் புதியன, இவை மொழியின் வீழ்ச்சி என்று சொல்லும் ஜப்பானிய முதியவர்களும் உண்டு. (அங்கே பண்பாட்டு முகமை 1995ஆம் ஆண்டு முதல் மொழி வழக்கு பற்றி ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு நடத்துகிறது, எந்தச் சொல் எப்பொருளில் திரிந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் அதை வைத்துக் கவலைப்படுவது ஒரு சடங்கு. நம்மிடமும் அப்படியொன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதுண்டு.) ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனையில் பணியாற்றிய செய் ஷொனகொன் தம் 'தலையணைக் குறிப்புகள்' நூலில் இத்தகைய பொருள்களுக்கென்றே ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். பூந்தையல் துணியின் பின்புறம், பூனைக் காதின் உட்பகுதி, மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள் கூட்டிலிருந்து உருண்டு விழுவது. அவற்றைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லின் வேர்தான் இன்று 'முஸுகஷீ' என்று, கடினம் என்ற பொருளில், பள்ளிக் கணக்குக்கும் தேர்வுத்தாளுக்கும் வழங்குகிறது. அருவருப்பு நீர்த்துப்போய்க் கடினமாகிவிட்டது. கிமொயும் ஒருநாள் எங்கேனும் போய்ச் சேரும். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

ஆனால் செய் ஷொனகொனின் அப்பட்டியலில் நாம் சொன்னவை துணி, பூனைக் காது, எலிக்குஞ்சு. நம்மைத் தொல்லைப்படுத்துவது, இச்சொல் மனிதர்மீது ஒட்டும்போது நிகழ்வது.

மியாசாகி ஹயாஓவின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கருநிறப் புழுவொன்றைச் சிறுமி காலால் மிதித்து நசுக்கியவுடன், கொதிகலன் அறைக் கிழவர் 'எங்காச்சொ!' என்று கத்துகிறார். அவள் இரு கை விரல்களையும் சேர்த்து நீட்ட, அவர் கையால் வெட்டிப் பிரிக்கிறார். ஜப்பானியச் சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வது இது. அசிங்கத்தை மிதித்தவனைத் தொட்டால் அசிங்கம் ஒட்டிக்கொள்ளும். விரல்களைப் பின்னிக்கொண்டால் ஒட்டாது. 'எங்' என்பதற்கு உறவு, தொடர்பு என்று பொருள் கொண்டு, தொடர்பை அறுப்பது என்று விளக்குவர். வரலாற்றாசிரியர் அமினோ யொஷிஹிகோ 1978இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற 'முஎங், குகாய், ராகு' நூலை இந்தச் சிறுவர் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறார். உறவறுத்தல் என்ற இடைக்கால ஜப்பானிய நிலையை ஆராயப் புகுந்த ஓர் அறிஞர், பள்ளிக்கூட முற்றத்தில் விரல் பின்னும் பையன்களிடம் போய் நிற்கிறார் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

இதே விளையாட்டின் கசந்த வடிவம், ஒரு மாணவன் பெயரோடு 'கின்' (கிருமி) என்ற சொல்லைப் பின்னொட்டாகச் சேர்த்து அழைப்பது. அவன் தொட்ட பொருளைத் தொட்டவன் அடுத்தவனைத் தொட்டுக் 'கிருமி'யைக் கடத்த வேண்டும். 2011 அணுவுலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவிலிருந்து யொகொஹாமாவுக்குக் குடிபெயர்ந்த சிறுவன் ஒருவன் பள்ளியில் இவ்வாறு கிருமியென்று அழைக்கப்பட்டு, பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்ட செய்தி 2016இல் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2013இல், பள்ளிகளில் நிகழும் கொடுமையைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. செய்தவனின் நோக்கத்தை விட்டு, பட்டவன் மனத்துன்பத்தை அளவுகோலாகக் கொள்ளும் சட்டம் அது. 'ஜாலிக்குச் சொன்னேன்' என்பது அங்கே விடையாகாது.

தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணத்தைப் படிக்கையில் தமிழர் எவருக்கும் எந்தச் சொல் நினைவுக்கு வரும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. அந்தத் தாழ்வாரத்தில் நாம் நின்றுபோனதற்குக் காரணமும் அதுவே. டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஒருவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கணக்கிடும் பழக்கம் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் போகவில்லை. அவன் சொன்னதைத் தமிழில் சொல்லியிருந்தால் வட்டம் சிரித்திருக்காது. யாரேனும் ஒருவன் எழுந்திருப்பான். செய்தி துறைத்தலைவர் வரை வந்திருக்கும். அதை அவனும் அறிவான். அயல்மொழிச் சொல் அவனுக்கு ஒரு கையுறை. தமிழில் வாய் கூசும் ஒன்றைக் கூசாமல் செய்ய அது உதவியது. அவன் இதையெல்லாம் எண்ணித்தான் செய்தான் என்று நாம் சொல்லவில்லை. எண்ணாமலே செய்ய முடிந்தது என்பதுதான் சங்கடம்.

இதற்கு நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார். ஜப்பானில் நெருங்கிய தோழர்கள் ஒருவரையொருவர் கிமொய் என்று சிரித்துக்கொள்வதில்லையா? 'கிமொ கவாயி' என்று, அருவருப்பும் அழகும் கலந்த பொம்மைகளைக் கொண்டாடுவதில்லையா? உண்டு. ஆங்காருஸ் என்ற நகைச்சுவை இரட்டையர் இப்பட்டத்தோடுதான் 2005ஐ ஒட்டிப் புகழடைந்தார்கள். அவர்கள் அதை அறிந்து ஏற்று, அதன்மேல் தம் தொழிலைக் கட்டினார்கள். சொல்லப்பட்டவனுக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும், திருப்பிச் சொல்லும் உரிமையும் இருக்க வேண்டும். அப்போது அது விளையாட்டு. நம் தாழ்வாரத்தில் இரண்டும் இல்லை. நண்பர், நீங்கள் எல்லாவற்றையும் இலக்கணமாக்கிவிடுகிறீர்கள் என்றார். அதில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறோம்.

'செய்ரிதெகி நி முரி' என்றும் ஒரு தொடர் அப்பட்டியலில் இருந்தது. உடலியல் நோக்கில் இயலாது என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ஓர் ஆணைப் பிடிக்கவில்லை என்பதற்குப் பெண்கள் பெரிதும் இதைச் சொல்வர். 'முரி' என்பதன் எழுத்துகளைப் பிரித்தால் 'நியாயம் இல்லை' என்றாகும். காரணம் கேட்காதீர்கள், என் உடம்பு மறுக்கிறது என்பது இதன் உட்கிடை. விடாது தொடரும் ஒருவனிடம் ஒரு பெண் தன் மறுப்புக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவள் அல்லள் என்ற அளவில் நமக்கு இத்தொடர்மீது மரியாதை உண்டு. அதையே ஒரு வகுப்பு கூடி ஒருவனைப் பற்றிச் சொன்னால் அதே தொடர் வேறொன்றாகிவிடுகிறது. பட்டியலில் இரண்டுக்கும் அதே சிரிப்புப் பொம்மைதான்.

எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் நாம் சொல்வது இதுதான். கரப்பான் பூச்சியைக் கண்டால் தாராளமாகக் 'கிமொ!' என்று அலறுங்கள். அதன் பெயரைச் சொல்லவே அருவருத்து ஆங்கில முதலெழுத்தால் 'ஜீ' என்று மட்டும் குறிப்பிடும் ஜப்பானியர் உங்களைத் தம்மவராக ஏற்பர். திரைப்படக் காட்சி குரொய் ஆகலாம். கிழங்கு எகுய் ஆகலாம். உணவு பிடிக்கவில்லையென்றால் ஜப்பானியர் பெரும்பாலும் ஆளும் சொல் 'நிகதெ'. எழுத்துப்படி 'கசந்த கை'. எனக்கு அது கைவராது என்பது போல. குற்றம் கருவாட்டில் இல்லை, என் நாக்கில் என்று சொல்பவர் ஏற்றுக்கொள்கிறார். கிமொயில் உதிர்ந்துபோன 'நான்' இங்கே திரும்பிவந்துவிடுகிறது. அதுவும் வேண்டாமெனில் 'சொத்தொ...' என்று இழுத்து நிறுத்தினால் போதும், 'கொஞ்சம்...' என்பதற்கு மேல் அங்கே எவரும் கேட்பதில்லை. அனிமேயில் இச்சொற்கள் குறைவாகவே காதில் விழும், கத்துபவர்களைத்தான் படமெடுக்கிறார்கள்.

சில நாட்களுக்குப் பின் அந்த டிபன் பாக்ஸ்காரன் துறை அறைக்கு வந்தான். "ஐயா, அன்னைக்கு அவன் சொன்னதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?" மறைக்க மனமில்லாமல் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ஜப்பானில் கருவாடு தின்ன மாட்டார்களா என்று கேட்டான். தின்பார்கள், 'ஹிமொனொ' என்று பெயர் என்றோம். இஸு தீவுகளில் 'குஸாயா' என்றே ஒன்று உண்டு என்பதையும் சொன்னோம். உப்பு அரிதாக இருந்த காலத்தில், மீன் ஊறவைத்த உப்புநீரைக் கொட்டாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, அந்த நீரையே தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். அதில் ஊறிய மீனை வெயிலில் காயவைக்கிறார்கள். நாற்றம் என்ற சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. சுடும்போது தெருவே முகம் சுளிக்கும். தீவுக்காரர்களுக்கு அது அமுது.

"நம்ம நெத்திலி மாதிரியாங்கய்யா, பெரிய மீனாங்கய்யா?" என்று கேட்டான். பெரும்பாலும் கானாங்கெளுத்தி போன்ற தோற்றமுடைய மீன் என்று நமக்குத் தெரிந்த அளவில் சொன்னோம். பெயரை மறுபடி சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் தமிழிலேயே குறித்துக்கொண்டு போனான்.